ஒரு தாளில் இருக்கும் மதிப்பெண் ஆட்டிசத்தைச் சொல்லிவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். பழைய வண்ணாரப்பேட்டையில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். ஒன்றரை வயதில் 'அம்மா', 'தாத்தா', 'நீள்ளு' (தெலுங்கில் தண்ணீர்) என்று நான்கைந்து வார்த்தை சொன்னான். இப்போது அதுவும் நின்றுவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் பக்கத்து அறையில் போனில் ரைம்ஸ் ஓடினால் ஓடி வருகிறான். பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கிறான். ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான். மாமியார், "இவன் அப்பனே நாலு வயசுலதான் பேசுனான், சும்மா இரு" என்கிறார். தெருவில் இருக்கும் டாக்டர் மூன்று வயது வரை பார்க்கலாம் என்றார். ஒரு தெரபி சென்டரில் இருபது கேள்வி கேட்டு, 20க்கு 9 என்று போட்டு, கீழே 'ஆட்டிசம்' என்று எழுதிக் கொடுத்து, மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்கிறார்கள். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எதுவும் எடுக்கவில்லை. யாரை நம்புவது? நான் போன் கொடுத்துப் பழக்கியதால்தான் இப்படி ஆனதா? ஐந்து மாதத்தில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறாள். அவளுக்கும் வருமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

குழந்தை வளர்ச்சி மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளை வைத்து உங்கள் மகனுக்கு ஆட்டிசம் என்று முடிவு கட்ட முடியாது. மூன்று வயது வரை பார்க்கலாம் என்று சொன்னதையும் நீங்கள் ஏற்க வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் முழுமையான வளர்ச்சி மதிப்பீடு என்று ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பையனுக்கு அது இன்னும் நடக்கவே இல்லை. இந்த மாதமே அதைத் தொடங்குங்கள்.

உங்களிடம் கேட்ட இருபது கேள்விகள் அநேகமாக 'எம்-சாட்' என்ற கேள்வித்தாளாக இருக்கும். 16 முதல் 30 மாதம் வரை உள்ள குழந்தைகளுக்கானது. உங்கள் மகனின் வயதுக்குப் பொருந்துகிறது. 2 வரை வந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. 3 முதல் 7 வரை வந்தால், சரியில்லை என்று வந்த ஒவ்வொரு கேள்வியையும் பெற்றோரோடு மறுபடி உட்கார்ந்து விவரமாகப் பேச வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்த மறுகேள்விகூட வேண்டாம், நேராக மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். அனுப்புவதோடு அந்தக் கேள்வித்தாளின் வேலை முடிந்துவிடுகிறது. 9 என்று வந்தவுடன் கீழே 'ஆட்டிசம்' என்று எழுத அதற்கு உரிமை கிடையாது.

இதன் இப்போதைய வடிவத்தை அமெரிக்காவில் 16,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் பரிசோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். கேள்வித்தாள், மறுகேள்வி இரண்டிலும் 'கவனிக்க வேண்டும்' என்று வந்த குழந்தைகளை முழுமையாகப் பார்த்தபோது, கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத்தான் ஆட்டிசம் இருந்தது. ஆனால் 100க்கு 95 பேருக்கு ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமோ, கவனிக்க வேண்டிய வேறு ஏதாவதோ இருந்தது. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சென்டர்காரர்கள் முதல் எண்ணை மறந்துவிட்டார்கள். காத்திருக்கச் சொன்ன டாக்டர் இரண்டாவதை மறந்துவிட்டார்.

ஸ்கேன் எடுக்கவில்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எடுத்திருந்தாலும் அதில் ஆட்டிசம் தெரியாது. இரத்தத்திலும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கும் ஒரு பரிசோதனைக்கூட முறை இன்றுவரை எந்த ஊரிலும் இல்லை. வலிப்பு வந்திருந்தால், அல்லது திடீர் திடீரென்று வெறித்துப் பார்த்து உறைந்து நின்றால், மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுப்போம். தலை அளவு வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ, ஒரு பக்கக் கை காலில் பலம் குறைந்திருந்தாலோ எம்.ஆர்.ஐ. கேட்போம். முகத்திலும் உடம்பிலும் சில அடையாளங்கள் இருந்தாலோ, குடும்பத்தில் வேறு சிலருக்கும் வளர்ச்சிக் குறைபாடு இருந்தாலோ மரபணுப் பரிசோதனை பற்றிப் பேசுவோம். இவை எல்லாம் ஆட்டிசத்தோடு சேர்ந்து வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடுவதற்கு. எல்லாக் குழந்தைக்கும் பொத்தாம்பொதுவாக எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். இரண்டு வயதுக் குழந்தையை அதற்கு மயக்கம் கொடுத்துத்தான் படுக்க வைக்க வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு பரிசோதனையை மட்டும் யார் சொன்னாலும் தள்ளிப்போடாதீர்கள். காது. ரைம்ஸ் சத்தத்துக்கு ஓடி வருகிறான், அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்று வீட்டில் நினைத்திருப்பீர்கள். நியாயமான யோசனைதான். ஆனால் சில குழந்தைகளுக்குப் பாட்டும் மேளமும் கேட்கும், பேச்சில் உள்ள 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காது. சளி கட்டிக் காதுக்குள் நீர் சேர்ந்து கேட்கும் திறன் குறைந்த பிள்ளைகளையும் அடிக்கடி பார்க்கிறோம். 'பெரா' என்று ஒரு பரிசோதனை உண்டு. குழந்தையைத் தூங்க வைத்து, தலையில் சின்னச் சின்ன ஒயர்களை ஒட்டி, காதில் ஒலி கொடுத்து, மூளை நரம்பு வரை அது போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. ஸ்டான்லி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ தூரம்தான்.

இனி மதிப்பீட்டுக்கு வருகிறேன். அதில் இரண்டு பகுதி. ஒன்று உங்களிடம் கேட்பது, இன்னொன்று பையனோடு விளையாடிப் பார்ப்பது. ஒரே நாளில் முடியலாம். இரண்டு மூன்று தடவை வரச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கக் கலக்கத்தில், புது இடத்து மிரட்சியில், காய்ச்சல் விட்ட மறுநாளில் ஒரு குழந்தையைப் பார்த்துவிட்டு அதன் வாழ்க்கையைப் பற்றி எழுத எனக்குக் கை வராது.

உங்களிடம் கேட்பவை கர்ப்ப காலத்திலிருந்து தொடங்கும். பிரசவம், பிறந்த எடை, அழுதானா, மஞ்சள் காமாலை வந்ததா, எப்போது தலை நின்றது, எப்போது சிரித்தான், எப்போது நடந்தான். அதன் பிறகு வரும் கேள்விகள் சிலருக்கு விசித்திரமாகத் தோன்றும். மொட்டை மாடியில் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டும்போது அவன் என்ன செய்கிறான் என்று கேட்பேன். நீங்கள் விரல் நீட்டினால் விரலையே பார்க்கிறானா, விரல் போகும் திசையில் நிலாவைப் பார்க்கிறானா? நிலாவைப் பார்த்த பிறகு, 'ஆமாம்மா, நானும் பார்த்துட்டேன்' என்பதுபோல் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி போகும்போது, வண்டியையும் உங்களையும் மாறி மாறிப் பார்க்கிறானா, இல்லை சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறானா?

இதை இவ்வளவு விரிவாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஏதோ ஒன்றைப் பார்த்ததும் அதை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளத் தோன்றுகிறதே, பேச்சு பிறப்பது அந்த ஆசையிலிருந்துதான். பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயது தாண்டிய சில மாதங்களுக்குள் விரல் நீட்டிக் காட்ட ஆரம்பித்துவிடும். பிஸ்கெட் வேண்டும் என்று காட்டுவது ஒரு வகை. 'காக்கா பார்' என்று சும்மா காட்டுவது இன்னொரு வகை. ஆட்டிசத்தில் பெரும்பாலும் தாமதமாவது இரண்டாவது. உங்கள் மகன் கையைப் பிடித்து இழுத்துப் போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது உங்கள் முகத்தைப் பார்க்கிறானா, அல்லது உங்கள் கையை மட்டும் எடுத்து பிரிட்ஜ் கதவின் மேல் வைக்கிறானா? அடுத்த முறை கவனித்து எழுதி வையுங்கள்.

பையனோடு விளையாடிப் பார்க்கும்போது எங்கள் மேஜையில் பெரிய கருவி எதுவும் இருக்காது. சோப்பு நுரைக் குமிழி, பலூன், சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை, ஒரு பொம்மைக் குழந்தை, கொஞ்சம் சொப்பு. குமிழி ஊதிவிட்டு நிறுத்துவேன். இன்னும் ஊது என்று என்னிடம் எப்படிக் கேட்கிறான்? மூடியைத் திறக்க முடியாத டப்பாவில் அவனுக்குப் பிடித்ததைப் போட்டுக் கொடுப்பேன். கொண்டுவந்து நீட்டுகிறானா, அழுகிறானா, விட்டுவிட்டுப் போகிறானா? சொப்புச் சாமானில் பொம்மைக்குச் சோறூட்டுகிறானா, அல்லது அதையும் வரிசையாக அடுக்குகிறானா? பெயர் சொல்லி ஒரு தடவை நான் கூப்பிடுவேன், பிறகு நீங்கள். இதற்கிடையில் கையை உதறுவது, முன்காலில் நடப்பது, கண்ணோரத்தில் வைத்துப் பொருளைப் பார்ப்பது, மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துவது போன்றவற்றையும் குறித்துக்கொள்வோம்.

பிறகு இதையெல்லாம் சேர்த்துப் பார்ப்போம். உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் 2013ஆம் ஆண்டு வரையறைப்படி, மற்றவர்களோடு பழகுவதில் மூன்று விஷயங்களிலும் சிரமம் இருக்க வேண்டும்: கொடுத்து வாங்கும் உறவாடல், பார்வையும் சைகையும், நட்பும் விளையாட்டும். அதோடு, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள், மாற்றத்தைத் தாங்க முடியாத பிடிவாதம், ஒன்றின் மேலேயே அளவுக்கு மீறிய ஈடுபாடு, ஒலி ஒளி தொடுதல் ஆகியவற்றில் வழக்கத்துக்கு மாறான உணர்ச்சி என்ற நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். மூடி அடுக்குவது மட்டும் ஆட்டிசம் ஆகிவிடாது. அடுக்காத பிள்ளைக்கு ஆட்டிசம் இல்லை என்றும் ஆகாது.

சில இடங்களில் இதற்கென்று உள்ள அளவுகோல்களையும் பயன்படுத்துவார்கள். 'கார்ஸ்' என்பதில் 15 அம்சங்கள், மொத்தம் 30க்குப் போனால் ஆட்டிசத்தின் பக்கம் சாய்கிறது என்று பொருள். நம் நாட்டுக் குழந்தைகளுக்காகவே உருவான 'ஐ.என்.டி.டி.' இரண்டு முதல் ஒன்பது வயதுக்கானது. அரசுச் சான்றிதழுக்குக் கேட்கும் 'ஐசா' என்பதில் 40 கேள்விகள், 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று வைத்துக்கொள்வார்கள். அது மூன்று வயதுக்கு மேல் உள்ளவர்களை வைத்து உருவாக்கப்பட்டது. உங்கள் பையனுக்கு யாராவது இப்போதே ஐசா போட்டு எண் கொடுத்தால் அதை ரொம்ப நம்ப வேண்டாம். எந்த அளவுகோலாக இருந்தாலும், குழந்தையைப் பார்த்துப் பழகிய ஒருவர் கையில்தான் அது பயன்படும். அவர் குழந்தை வளர்ச்சி மருத்துவராகவோ, குழந்தைகள் மனநல மருத்துவராகவோ, மருத்துவ உளவியலாளராகவோ இருக்கலாம்.

உங்கள் மாமியார் சொன்னதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. தாமதமாகப் பேசிய அப்பாக்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். ஆனால் அவரிடம் நிதானமாக இன்னொன்றும் கேளுங்கள். பேசாத அந்த நாலு வருடமும் உங்கள் கணவர் எப்படி இருந்தார்? கூப்பிட்டால் ஓடி வந்தாரா? வேண்டியதைக் கை நீட்டிக் காட்டினாரா? மற்ற பிள்ளைகள் செய்வதைப் பார்த்துத் தானும் செய்தாரா? 'கதவைச் சாத்து', 'செருப்பை எடுத்துட்டு வா' என்றால் செய்தாரா? வாய் மட்டும் தாமதமாகத் திறக்கும் பிள்ளை, மற்ற எல்லா வழியிலும் பேசிக்கொண்டுதான் இருக்கும். கண், கை, தலையாட்டல், சிணுங்கல் என்று ஏதாவது ஒன்றால் நம்மைத் தன் பக்கம் இழுக்கும். உங்கள் மகனிடம் அந்த மற்ற வழிகளும் குறைந்திருப்பதாக உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அதனால்தான் அவசரப்படச் சொல்கிறேன். அப்பாவும் அப்படித்தான் இருந்தார் என்று அவர் சொன்னால், அதுவும் எங்களுக்குப் பயன்படும் தகவல். ஆட்டிசத்தில் மரபுவழிக்குப் பெரிய பங்கு உண்டு. முடிந்தால் மாமியாரையும் மதிப்பீட்டுக்கு அழைத்து வாருங்கள். குழந்தையை எங்கள் கண்ணால் அவரும் பார்த்துவிட்டால் வீட்டில் உங்கள் பாரம் பாதியாகும்.

இருந்த வார்த்தைகள் போய்விட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த வரி அது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினர் ஒன்றரை வயது வாக்கில் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகளையும், டாட்டா காட்டுவதையும் விட்டுவிடுவதுண்டு. வேறு காரணங்களாலும் இப்படி ஆகலாம். எதுவாக இருந்தாலும், வந்த திறமை போகிறது என்றால் எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாது. மருத்துவரிடம் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள். முதல் பிறந்தநாள் வீடியோ போனில் இருந்தால் அழித்துவிடாதீர்கள். அப்போது மெழுகுவத்தியைப் பார்த்தானா, சுற்றி நின்றவர்களைப் பார்த்தானா என்பது ஐந்து பக்க அறிக்கையை விட எங்களுக்கு அதிகம் சொல்லும்.

உங்கள் பக்கத்தில் தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் வீடுகள் ஏராளம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வராது, பேச்சும் நின்றுவிடாது. குழப்பம் வேண்டாம் என்று யாராவது தெலுங்கை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். நீங்கள் மனம் விட்டுக் கொஞ்சும் மொழியில் கொஞ்சுங்கள். வார்த்தைகளை எண்ணும்போது 'நீள்ளு'வும் கணக்கில் வர வேண்டும் என்பதை மட்டும் மதிப்பிடுபவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் தமிழில் மட்டும் கேட்டுவிட்டுப் புரியவில்லை என்று எழுதிவிடக் கூடாது. வசம்பு தேய்ப்பது, நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வை வெட்டுவது போன்ற யோசனைகளும் வரும். நாக்குச் சவ்வு இறுக்கமாக இருந்தால் சில ஒலிகள் திருத்தமாக வராமல் போகலாம். கூப்பிட்டால் திரும்பாததற்கு நாக்கு காரணமாக முடியாது.

அடுத்து போன். இந்தக் கேள்வியை நீங்கள் எந்த மனநிலையில் எழுதியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கைக்குழந்தையும் இரண்டு வயதுக் குழந்தையுமாக, பத்துப் பேருக்குச் சமையலும் இருக்கும் வீட்டில் போன் கொடுக்காத அம்மா யார்? போன் கொடுத்ததால் ஆட்டிசம் வந்துவிடவில்லை. இணையத்தில் 'வர்ச்சுவல் ஆட்டிசம்' என்று நிறையப் பேசுகிறார்கள். மருத்துவ வகைப்பாட்டில் அப்படி ஒரு பெயர் இல்லை. ஆனால் போன் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும், குழந்தையிடம் யாரோ பேசியிருக்க வேண்டிய நேரம். இரண்டு வயது வரை திரையே வேண்டாம், அதற்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது அதனால்தான். எனவே குறையுங்கள், முடிந்தால் நிறுத்துங்கள். இதில் நான் பயப்படுவது வேறு ஒன்றை நினைத்து. 'போனை நிறுத்தி ஆறு மாதம் பார்ப்போம், சரியாகிவிடும்' என்று வீட்டில் ஒரு முடிவு எடுத்து, மதிப்பீட்டைத் தள்ளிப்போடுவார்கள். போனை நிறுத்திய அதே வாரத்திலேயே அப்பாயின்மென்டும் வாங்குங்கள்.

எங்கே போவது? ஸ்டான்லியில் குழந்தைகள் பிரிவிலிருந்து தொடங்கலாம். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இன்னொரு வழி. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் ஒரு தடவை மாறினால் போதும். முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, மத்திய அரசு 2005இல் தொடங்கியது. ஒரே வளாகத்தில் உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், காது பரிசோதனை எல்லாம் கிடைக்கும். வட சென்னையிலிருந்து தூரம்தான், ஒரு முழு நாள் போகும். ஆனாலும் ஒருமுறை போய் வருவது வீண் போகாது. அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை அரசு மருத்துவக் குழு வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும் என்பது 2013 முதல் நடக்கும் திட்டம். அங்கன்வாடி ஆசிரியையிடம் சொல்லி வைத்தால் அந்தக் குழு வழியாகவும், இப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்க்கும் மாவட்ட மையத்துக்குச் சீட்டு வாங்கலாம்.

போகும்போது தடுப்பூசி அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் தாள், சென்டர் கொடுத்த அந்தத் தாள் மூன்றும் கையில் இருக்கட்டும். போனில் இரண்டு மூன்று நிமிட வீடியோக்கள் எடுத்து வையுங்கள்: பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, சாப்பிடும்போது, தெருப் பிள்ளைகளோடு இருக்கும்போது, அழுது புரளும்போது. அழுது புரளும் வீடியோ எடுக்கக் கூச்சமாக இருக்கும், எடுங்கள். அவனுக்குப் பிடித்த தின்பண்டமும் ஒரு பொம்மையும் வேண்டும். தூங்கும் நேரத்தில் அப்பாயின்மென்ட் வாங்காதீர்கள். டாக்டர் முன்னால் நன்றாகச் செய்ய வேண்டும் என்று முதல் நாள் பயிற்சி கொடுக்கவும் வேண்டாம்.

முடிவு மூன்றில் ஒன்றாக வரலாம். ஆட்டிசம் என்று தெளிவாகச் சொல்வார்கள். அல்லது ஆட்டிசம் இல்லை, பேச்சுத் தாமதம் அல்லது பொதுவான வளர்ச்சித் தாமதம் என்பார்கள். அல்லது இந்த வயதில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்பார்கள். மூன்றாவது பதிலைக் கேட்டால் பலருக்குக் கோபம் வருகிறது. அது நேர்மையான பதில். அனுபவம் உள்ளவர் இரண்டு வயதில் ஆட்டிசம் என்று சொன்னால் பெரும்பாலும் அது பின்னாலும் மாறுவதில்லை, ஆனால் எல்லாக் குழந்தையும் அந்த வயதில் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. லெவல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினால், இப்போது எவ்வளவு உதவி தேவை என்று அர்த்தம். அந்த எண் வருடம் போகப் போக மாறும். பத்து வயதில் எப்படி இருப்பான் என்று இரண்டு வயதில் வைத்த எண்ணிலிருந்து யாரும் சொல்ல முடியாது. அப்புறம், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழ், அட்டை, உதவிகள் எல்லாம் அதன் வழியாக வரும். உறுதியான பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

பெயர் உறுதியாகும் வரை உதவி காத்திருக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன மூன்று முடிவில் எது வந்தாலும் முதல் ஆறு மாதத்தில் நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றுதான், இன்றைக்கே ஆரம்பிக்கலாம். தினமும் கொஞ்ச நேரம் தரையில் அவன் எதிரில், அவன் முகத்துக்கு நேராக உட்காருங்கள். மூடி அடுக்குகிறானா, பிடுங்காதீர்கள். நீங்களும் ஒரு மூடியை எடுத்து அவன் வரிசையில் வையுங்கள், உங்களைப் பார்க்கிறானா என்று பொறுங்கள். தூளியில் வைத்து ஆட்டி, திடீரென்று நிறுத்தி, 'இன்னும்?' என்று கேட்டுக் காத்திருங்கள். ஒரு பார்வை, ஒரு சத்தம், ஒரு கை அசைவு வந்தாலே போதும், உடனே ஆட்டுங்கள். கூட்டுக் குடும்பத்தில் பிள்ளை கேட்பதற்கு முன்பே ஐந்து பேர் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆனால் வார்த்தை சொன்னால்தான் சோறு, தண்ணீர் என்று மட்டும் வைக்காதீர்கள். அது வதை.

சென்டருக்குப் பணம் கட்டும் முன் கேளுங்கள்: குழந்தையைப் பார்த்தது யார், அவர் படிப்பு என்ன, எந்த அளவுகோல், வாரத்துக்கு எத்தனை முறை, அம்மாவுக்குக் கற்றுத் தருவார்களா, கதவுக்கு வெளியே உட்கார வைப்பார்களா? கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு நான் யாரையும் அனுப்புவதில்லை. மூன்று மாதத்தில் குணப்படுத்துகிறோம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களும் உண்டு. ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது. நகையை அடகு வைத்து அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கடைசியாக உங்கள் மகளைப் பற்றி. அண்ணனுக்கு ஆட்டிசம் என்று உறுதியானால், பின்னால் பிறந்த குழந்தைக்கும் இருக்கும் வாய்ப்பு பொதுவாக ஐந்தில் ஒன்று என்று பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. பெண் குழந்தைக்கு அது இன்னும் குறைவு. அதாவது இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அவளைக் கொஞ்சம் கவனித்து வளர்ப்பது நல்லது. இப்போதே உங்கள் முகம் பார்த்துச் சிரிக்கிறாளா, நீங்கள் பேசினால் பதிலுக்குச் சத்தம் கொடுக்கிறாளா என்று பாருங்கள். ஒன்பது, பத்து மாதத்தில் பெயர் சொன்னால் திரும்ப வேண்டும். ஒன்றேகால் வயதுக்குள் விரல் நீட்டிக் காட்ட வேண்டும். 18 மாதத்திலும் 24 மாதத்திலும், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதே இருபது கேள்வியை அவளுக்கும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மகனின் காது பரிசோதனை முடிவு வந்ததும், கையைப் பிடித்து இழுக்கும்போது முகத்தைப் பார்க்கிறானா என்று நீங்கள் எழுதி வைத்த குறிப்பையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். அதை வைத்து அடுத்து என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.